வராதவர் பட்டியல்

டயர்க் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் இருந்த வழிபாட்டுக் கூடத்துக்கு அவள் விடுமுறை நாள் காலை தவறாமல் போய்வந்தாள். கும்பிட அல்ல, எண்ண. எத்தனை ஆண்கள், எத்தனை பெண்கள், யார் யாருக்குப் பக்கத்தில் உட்கார்கிறார்கள், பாட்டு வரும்போது யார் உண்மையாகப் பாடுகிறார்கள், யார் வாயை மட்டும் அசைக்கிறார்கள், முடிந்ததும் யார் யாரிடம் நின்று பேசுகிறார்கள் என்று எல்லாவற்றையும் கடைசி வரிசைக்குப் பின்னால் ஒரு சின்ன மேசை போட்டு உட்கார்ந்து எழுதுவாள். மதம் சமூகத்துக்கு என்ன வேலை செய்கிறது என்று அவளுடைய பேராசிரியர் ஒரு வருஷ ஆய்வு நடத்திக்கொண்டிருந்தார். படித்தவர்களில் ஒரு சாரார் அது மனிதரை மனிதரோடு ஒட்டும் பசை என்றார்கள். இன்னொரு சாரார் வலி தெரியாமல் இருக்கக் கொடுக்கும் மருந்து என்றார்கள். வேறு சிலர், கீழே இருப்பவன் மேலே பார்க்காமல் இருக்கப் போட்ட கடிவாளம் என்றார்கள். மூன்றில் எது என்று கண்டுபிடிக்க, ஐம்பத்து மூன்று வயதில் அவள் ஒரு பென்சிலோடு டயர் வாசனையில் உட்கார்ந்திருந்தாள்.

கூடத்தில் அவளுக்கு நோட்டக்கா என்று பெயர் வைத்திருந்தார்கள். அவள் எதற்கு வருகிறாள் என்பது எல்லாருக்கும் தெரியும். முதல் வாரமே சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்கி, தன் வீட்டு விலாசமும் தொலைபேசி எண்ணும் அடியில் எழுதி ஆளுக்கொரு பிரதி கொடுத்திருந்தாள். வேலையில் அவள் கறார். களத்துக்குப் போகிறவர்களுக்கான பதினொரு விதிகளை எழுதியவளே அவள்தான். பார்வையாளர் பாட்டில் சேரக்கூடாது. கைகூப்பக்கூடாது. தன் கருத்தைச் சொல்லக்கூடாது. ஆறாவது விதி, பார்வையாளர் அங்குள்ளவர்களிடம் எந்த உதவியும் பெறக்கூடாது. தாமரை இலைத் தண்ணீர் மாதிரி இருக்க வேண்டும் என்று புதிதாகச் சேருகிறவர்களிடம் சொல்வாள். அவளுக்கு அது சிரமமாக இருந்ததில்லை. வீட்டிலும் அவள் அப்படித்தான் இருந்தாள்.

கணவர் பிரிந்து போய்ப் பதினொரு வருஷம் ஆகியிருந்தது. செத்துப்போயிருந்தாலாவது துக்கம் விசாரிக்க நாலு பேர் வந்திருப்பார்கள், பிரிந்து போனால் அதற்கும் வழியில்லை. மகள் வெளிநாட்டில் இருந்தாள். வாரம் ஒரு முறை கூப்பிட்டு, "சாப்டியாம்மா?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருப்பாள். நல்ல பெண்தான். அவளுக்கும் வேலை.

அந்தக் கூடத்தில் வேறெங்கும் இல்லாத ஒரு வழக்கம் இருந்தது. வழிபாடு முடிந்து எல்லாரும் எழுந்துகொள்ளும் முன், கூடத்தை நடத்துகிறவர் முன்னால் வந்து நின்று, "இன்னிக்கு யாரைக் காணோம்?" என்று கேட்பார். அவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். வாரத்தில் ஆறு நாள் ஜனங்களை மாடிக்கு மாடி ஏற்றிவிட்டு, ஏழாம் நாள் அதற்கும் மேலே ஏற்றிவிடப் பார்க்கிறார் என்று கூடத்திலேயே கேலி செய்வார்கள், அவரும் சிரிப்பார். லிஃப்ட் அண்ணன் கேட்டதும், வராதவர்களின் பெயர்களை அங்கங்கேயிருந்து சொல்வார்கள். ஒவ்வொரு பெயருக்கும், "யார் போறீங்க?" என்பார். ஒரு கை உயரும், சில சமயம் இரண்டு. சாயங்காலத்துக்குள் அவர்கள் போய்ப் பார்த்துவிட வேண்டும். உபதேசம் எதுவும் கிடையாது. பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு வந்தால் போதும். ஒரு தடவை, தொலைக்காட்சியில் பந்தாட்டம் பார்ப்பதற்காக வராமல் இருந்த வங்கிக்காரரைப் பார்க்க நாலு பேர் போய்விட்டார்கள். பாவம், அந்த மனிதர் போர்வையைப் போர்த்திக்கொண்டு ஒரு மணி நேரம் இருமிக்காட்ட வேண்டியதாயிற்று.

அவள் இதற்கு வராதவர் பட்டியல் என்று பெயரிட்டுத் தனிப் படிவம் போட்டாள். யார் வரவில்லை, யார் பெயரைச் சொன்னார்கள், யார் போனார்கள். பேராசிரியர் படித்துவிட்டு, "இது வைரம், மேடம்" என்றார். அவளுக்கும் அது பிடித்திருந்தது, வேறு காரணத்துக்காக. படிவத்தை நிரப்பும்போது, தன் பெயரை யாராவது எங்காவது இப்படிச் சொல்லிப் பல வருஷம் ஆயிற்றே என்று ஒரு நினைப்பு வரும். உடனே அதைத் தள்ளிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போவாள்.

முப்பத்து நாலாம் வாரம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. முதல் நாளே உடம்பு அனலாய்க் கொதித்ததால், அலுவலகத்தில் கூட வேலை செய்பவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, "நாளைக்கு எனக்குப் பதிலா நீங்க போய் உட்காருங்க" என்றாள். அந்த மனிதருக்குச் சட்டாம்பிள்ளை என்று பட்டப்பெயர். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், நாற்பத்தைந்து வயது, விதி என்று ஒன்று எழுதியிருந்தால் அதில் புள்ளி கமா மாறாமல் நடப்பவர். அவரை நம்பி எதையும் விடலாம்.

கூடம் பதினொன்றரைக்கு முடியும். அவளுக்கு நிமிஷக் கணக்காகத் தெரியும். பதினொன்று இருபதுக்கு லிஃப்ட் அண்ணன் முன்னால் வந்து நிற்பார். அந்த நேரத்துக்கு அவள் படுக்கையில் எழுந்து உட்கார்ந்தாள். எதிர்பார்க்கவில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டே எழுந்து, தலையை வாரி, வேறு புடவை கட்டி, இரண்டு நாற்காலிகளில் குவிந்து கிடந்த துணியை அள்ளி அலமாரியில் திணித்தாள். பெரும்பாலும் இரண்டு பேராகத்தான் வருவார்கள் என்பது அவளுடைய அட்டவணையே சொல்லும் விஷயம். அதற்குள் மூச்சு வாங்கி, சுவரைப் பிடித்தபடி திரும்பி வந்து படுத்தாள்.

மூன்றாம் மாடி வீடு அது. படியில் ஏறும் சத்தம் நன்றாகக் கேட்கும். மதியம் இரண்டு தடவை ஏறி முதல் மாடியில் நின்றது. நாலு மணிக்கு ஒரு தடவை இரண்டாம் மாடி வரை வந்து, சாவி திறக்கும் சத்தத்தோடு முடிந்தது. அடுத்த நாளும் கேட்டுக்கொண்டிருந்தாள், அதற்கடுத்த நாளும். ரொட்டியை வெந்நீரில் நனைத்துத் தின்றாள். மகள் கூப்பிட்டபோது சளி என்று சொன்னாள். ஐந்து நாளில் ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. நாற்காலி இரண்டும் காலியாகவே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன. முப்பத்து மூன்று வாரம் அவர்கள் நடுவில் உட்கார்ந்திருந்தோமே, ஒரு நாற்காலிக்கு இருக்கிற மதிப்புக்கூடவா இல்லை என்று அழுகை வந்தது. காய்ச்சலில் அழுதால் கண்ணெல்லாம் எரிகிறது என்பதுதான் மிச்சம்.

எழுந்து வேலைக்குப் போனதும் முதலில் சட்டாம்பிள்ளையின் படிவத்தைத்தான் எடுத்துப் பார்த்தாள். முப்பத்து நாலாம் வாரம், சொல்லப்பட்ட பெயர்கள் மூன்று. பழக்கடைக்காரர், ஒரு நர்ஸ், வங்கிக்காரர். மூன்றுக்கும் ஆள் போயிருந்தது. அவள் பெயர் இல்லை. அடுத்த வாரம் கூடத்துக்குப் போனபோது ஏழெட்டுப் பேர், "உடம்பு தேவலையா?" என்று கேட்டார்கள். தெருவில் எதிர்ப்படுகிறவர்கள் கேட்கிற கேள்விதானே அது. தேவலை என்று சொல்லிவிட்டுக் குனிந்து எழுத ஆரம்பித்தாள்.

இடைக்கால அறிக்கை எழுதுவது இந்தத் தடவை அவளுடைய முறை. அதில் இப்படி எழுதினாள்: "இக்கூடத்தின் அக்கறை அதன் நம்பிக்கையாளர்களின் எல்லையோடு நின்றுவிடுகிறது. குழுவுக்கு நன்கு தெரிந்த வெளியாள் ஒருவர் முப்பத்து நான்காம் வாரம் நோயால் வராதிருந்தபோது, அவர் பெயர் சொல்லப்படவில்லை. எல்லைக்கு வெளியே இருப்பவர், கூடத்துக்குள்ளேயே இருந்தாலும், கண்ணுக்குத் தெரிவதில்லை." பேராசிரியர் கடைசி வாக்கியத்தை இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தார். பசை என்றால் அது உள்ளே இருப்பவர்களை மட்டும்தான் ஒட்டும், வெளியே இருப்பவனுக்கு அதுவே சுவர் என்று அதை விரித்து, ஒரு மாநாட்டுக்குச் சுருக்கமும் அனுப்பிவிட்டார்.

முழு அறிக்கை வெளியே போகும் முன் அதைக் கூடத்தில் படித்துக் காட்ட வேண்டும் என்பது சம்மதப் படிவத்தில் இருந்த உறுதி. நாற்பதாம் வாரம் அவளும் சட்டாம்பிள்ளையும் அதை எடுத்துக்கொண்டு போனார்கள். வழிபாட்டுப் புத்தகத்தைப் படிக்கிற அதே குரலில் லிஃப்ட் அண்ணன் அறிக்கையைப் படித்தார். அந்த மூன்று வரி வந்தது. ஒரு கணம் நின்று, தொண்டையைச் சரிசெய்துகொண்டு மேலே படித்தார். இல்லை என்று யாராவது சண்டைக்கு வருவார்கள் என்று அவள் பென்சிலைத் தயாராகப் பிடித்திருந்தாள். யாரும் வாய் திறக்கவில்லை. முன்வரிசையில் எப்போதும் உரக்கப் பாடும் தையல்காரம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்லா எழுதியிருக்கீங்க" என்று சொல்லி லிஃப்ட் அண்ணன் தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

படி இறங்கும்போது அவள் சொன்னாள், "பாத்தீங்களா, மறுத்துப் பேச ஒருத்தருக்கும் வாய் வரலை."

சட்டாம்பிள்ளை டயர்க் கடை வாசலில் நின்றுவிட்டார். "அக்கா, அந்த வெளியாள்னு எழுதியிருக்கீங்களே, அது நீங்கதானே?"

அவள் மடித்த தாளைப் பைக்குள் திணித்தாள்.

"அன்னிக்கு உங்க பேரைத்தான் முதல்ல சொன்னாங்க. அண்ணன் யார் போறீங்கன்னு கேக்கறதுக்குள்ள ஏழு கை. நான்தான் எழுந்து நிறுத்தினேன். ஆறாவது விதி இருக்கே. பாக்க வர்றதும் உதவிதானேக்கா. போனீங்கன்னா அவங்க வேலைக்கே ஆபத்துன்னு சொன்னேன். பார்வையாளரை ஆய்வுல சேக்கக் கூடாதுங்கறதால படிவத்துலயும் எழுதலை."

"ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"பார்வையாளரைப் பத்தி அங்க நடந்த பேச்சைப் பார்வையாளர்கிட்ட சொல்லக் கூடாது. ஒன்பதாவது விதி." அவர் குரல் இறங்கிவிட்டது. "நீங்க எழுதினதுதான்க்கா."

அவரைத் திட்ட முடியாது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை அவள் பதினொரு விதியாக எண் போட்டு, அச்சடித்து, ஆளுக்கொரு பிரதி கொடுத்திருந்தாள்.

மறுநாள் சாயங்காலம் தையல்காரம்மாவின் கடைக்குப் போனாள். கடை என்றால் ஒரு ஆள் நீளம், ஒரு மெஷின், சுவர் முழுக்கப் பள்ளிச் சீருடை. தையல்காரம்மா கையில் இருந்த காலரை முடிக்காமல் நிமிரவில்லை. பிறகு ஸ்டூலில் கிடந்த துணியை ஒதுக்கி, "உக்காருங்க நோட்டக்கா" என்றாள்.

"நேத்து படிச்சது தப்பு. நீங்க எல்லாரும் கை தூக்கினீங்கன்னு எனக்குத் தெரியாது. நீங்களாவது சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நாங்க உங்களைத் தேடினோம்னு ஆயிடும். உங்க இடத்துல வந்தவரு உங்க வேலை போயிடும்னாரே. எழுதினா எழுதிட்டுப் போகட்டும், மூணு வரியில நமக்கென்ன குறைஞ்சிடப் போகுதுன்னு அண்ணன் சொன்னாரு." தையல்காரம்மா நூலைக் கடித்து அறுத்தாள். "ஆனா வராம இருக்கலை. தெருமுனை வரைக்கும் வந்தோம். தெருவுல நிக்கறதுக்கு விதி இல்லையே. ஆளுக்கு ஒரு சாயங்காலமா அஞ்சு நாளும் வந்து, உங்க ஜன்னல்ல விளக்கு எரியுதான்னு பாத்துட்டுப் போவோம். தினமும் எரிஞ்சுது. சரி, எழுந்து நடமாடறாங்க, யாரோ துணைக்கும் இருக்காங்க போலன்னு நினைச்சுக்கிட்டோம்."

"தலை சுத்தல் தையல்காரம்மா. இருட்டுல எழுந்தா விழுந்துடுவேன்னு பயந்து, ராத்திரி பகலா அணைக்கவே இல்லை. அதான் எரிஞ்சுது."

மெஷின் மிதியில் இருந்த கால் அப்படியே நின்றது. தையல்காரம்மா அவள் பக்கம் திரும்பினாள். "தனியாவா கிடந்தீங்க? அஞ்சு நாளும்?" என்று கேட்டாள். "ஒரு போன் போட்டிருக்கலாமே. அழுத பிள்ளைக்குத்தானே பாலு."

"அழுதேன்" என்றாள் அவள். "சத்தம் வெளிய வரலை."

அடுத்த நாள் காலை பேராசிரியரின் அறையில் நின்றாள். மூன்று வரியையும் எடுத்துவிட வேண்டும் என்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அறிக்கைக்கே உயிர் அந்த வரிதான், மேடம். ஏன் எடுக்கணும்? அந்த வெளியாள் யாரு, அவரைக் கேட்டுச் சரிபாத்துடலாம்."

"நான்தான் சார்."

அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "அப்போ இது தரவு இல்லை. உங்க வருத்தம்."

"ஆமா சார். வருத்தப்பட்டேன். அதை ஆய்வு மொழியில எழுதிட்டேன். அவங்க ஏழு பேர் கை தூக்கினாங்க. தடுத்தது நம்ம விதி." சட்டாம்பிள்ளையின் பெயரை அவள் எடுக்கவில்லை.

பேராசிரியர் மோசமான மனிதர் இல்லை. கோபப்படக்கூட இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. மாநாட்டுக்கு எழுதி அந்தப் பகுதியைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னார். முப்பத்து நாலாம் வாரத்திலிருந்து அவள் எழுதிய குறிப்புகள் எதுவும் செல்லாது என்றார். "இனிமே நீங்க அங்க பார்வையாளரா உக்கார முடியாது. விலகி நிக்கற அந்தத் தூரம் இல்லாம போயிடுச்சு. புரியுதில்ல?" அவள் புரிகிறது என்றாள். அவளை அட்டவணை அறைக்கு மாற்றினார்கள். ஜன்னல் இல்லாத அறை, மூன்று கணினி, வேறு ஊர்களிலிருந்து வரும் எண்களை வரிசைப்படுத்தும் வேலை. அங்கே பேச வேண்டிய அவசியமே இல்லை.

விடுமுறை நாள் வந்தது. ஒன்பது மணிக்கெல்லாம் குளித்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். வேலை விஷயமாகப் போகிறேன் என்று சொல்ல இனி வேலை இல்லை. கும்பிடப் போகிறேன் என்று சொல்ல நம்பிக்கை இல்லை. அவளுக்குத் திடீரென்று பக்தி வந்துவிட்டது என்று யாரும் எண்ண வேண்டாம், அப்படி முடித்துவைக்க எனக்கும் ஆசையில்லை. மேலே ஒருவர் இருக்கிறார் என்று அவள் அன்றும் நம்பவில்லை, இன்றும் நம்பவில்லை. வீட்டிலேயே இருந்துவிட்டால் பதினொன்று இருபதுக்குத் தன் பெயரைச் சொல்வார்கள், தடுக்க விதியும் இல்லை, சாயங்காலம் இரண்டு பேர் படியேறி வருவார்கள் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் நன்றாக இருக்கிற உடம்பை வைத்துக்கொண்டு, பந்தாட்டம் பார்த்த வங்கிக்காரர் மாதிரி இருமிக்கொண்டு உட்கார்ந்திருக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

போனாள். பத்து நிமிஷம் தாமதம். டயர்க் கடை மூடியிருந்தது. படியேறும்போது மேலே பாட்டு ஆரம்பித்திருந்தது. நோட்டு இல்லாமல் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. எதற்கு வந்தாய் என்று ஒருவர் கேட்டால்கூடத் திரும்பி இறங்கிவிடலாம் என்று இருந்தது. வாசலில் நின்றாள். கடைசி வரிசைக்குப் பின்னால் அந்தச் சின்ன மேசையில் சட்டாம்பிள்ளை உட்கார்ந்திருந்தார். மீதி வாரங்கள் அவருக்கு.

தையல்காரம்மா பாட்டை நிறுத்தாமலே பக்கத்து நாற்காலியில் இருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. அவள் போய் உட்கார்ந்தாள். பாட்டின் சொற்கள் எல்லாம் அவளுக்கு மனப்பாடம், ஏறக்குறைய நாற்பது வாரம் கேட்டது. ஆனாலும் வாய் வரவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தாள். சட்டாம்பிள்ளை அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிக்கவில்லை, தலையசைக்கவில்லை. களத்தில் அறிமுகம் காட்டக்கூடாது, இரண்டாவது விதி. கூடத்தில் யாருக்கும் கொடுக்கிற அதே பார்வையை அவளுக்கும் கொடுத்துவிட்டு, குனிந்து, பெண்கள் கட்டத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டார்.